பெருந்தொற்று இன்னும் முடியாத நேரத்தில் குடும்பத்தோடு விடுமுறை: எப்படித் திட்டமிடுவது? (கொரோனா அலைகள் தொடர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு இணைய மன்றத்தில் நடந்த உரையாடல்)

ஊர்சுற்றி:
எல்லோருக்கும் வணக்கம். கொரோனா தொடங்கியதிலிருந்து நாங்கள் குடும்பமாக எங்கேயும் போகவில்லை. இப்போது அலை கொஞ்சம் அடங்கியிருக்கிறது, எனக்கும் மனைவிக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்திருக்கிறது, பிள்ளைகளுக்கும் பள்ளி இல்லை. அப்பா எங்களோடுதான் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை உண்டு, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுக்கிறார். சின்னவளுக்குத் தடுப்பூசி போடும் வயது இன்னும் வரவில்லை. மற்றவர்கள் எல்லோரும் போட்டாயிற்று, அப்பாவுக்கு பூஸ்டர் மட்டும் பாக்கி.

விமானத்தில் போய் ஒரு பெரிய ரிசார்ட்டில் ஒரு வாரம் தங்கலாம் என்று நினைத்திருந்தோம். புக் செய்வதற்கு முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று வந்தேன். "போகாதே" என்று சொல்வதானாலும் சொல்லுங்கள், ஆனால் எதனால் என்று விளக்கிச் சொன்னால் வீட்டில் பேச உதவியாக இருக்கும்.

மூன்றாம்மாடி:
என் கருத்து, போக வேண்டாம். பூட்டிய இடத்தில் பலர் சேர்ந்து தங்கினால் என்ன ஆகும் என்று 2020 பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டோமே. ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைத்த டயமண்ட் பிரின்சஸ் சுற்றுலாக் கப்பலில் மொத்தம் 3,711 பேர், அதில் 712 பேருக்குத் தொற்று. ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே லிஃப்ட், ஒரே பொழுதுபோக்கு அரங்கம் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். நீங்கள் சொல்லும் பெரிய ரிசார்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் இயங்குகிறது. வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருக்கும்போது இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் என்ன?

பழையசைக்கிள்:
ஒரு வருடம் ஒரு வருடம் என்று சொல்லியே காலம் போய்விட்டது, அண்ணா. அப்போது தடுப்பூசி இல்லை, இப்போது இருக்கிறது. எழுபது வயதுக்காரருக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் கிடையாது. என் அம்மா இந்தக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து நடையே குறைந்துபோய்விட்டது, பேச்சும் குறைந்துவிட்டது, அதையும் நோய்க் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஊர்சுற்றி, போங்கள். எப்படிப் போவது என்பதைப் பேசுவோம்.

இரவுப்பணி:
நான் கோவிட் வார்டில் வேலை பார்த்த நர்ஸ். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் போகலாமா வேண்டாமா என்பதில் ஆரம்பித்தால் முடிவுக்கே வர முடியாது. உங்கள் வீட்டில் யாருக்கு வந்தால் ரொம்பக் கஷ்டமாகும்? அப்பா. அப்படியானால் பயணத்தின் ஒவ்வொரு முடிவையும் அவரை வைத்து எடுங்கள். ஆரோக்கியமான ஆளான உங்களை வைத்து எடுக்காதீர்கள். அவருக்கு ஒத்துவராத ஏற்பாடு, குடும்பத்துக்கே ஒத்துவராத ஏற்பாடு.

முதலில் பூஸ்டர். போட்ட அன்றே பலன் வந்துவிடாது, சுமார் இரண்டு வாரம் கொடுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி தேதியைத் தள்ளி வையுங்கள், லீவை மாற்ற முடியாவிட்டால் திட்டத்தைச் சின்னதாக்குங்கள்.

அடுத்தது டெஸ்ட். கிளம்புவதற்கு 72 மணி நேரம் முன்னால் ஒரு பிசிஆர் எடுத்துவிட்டு, "நெகட்டிவ், இனி பயமில்லை" என்று நிறைய பேர் கிளம்புகிறார்கள். 2020-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்றிய நான்காம் நாளில் எடுத்த பிசிஆர், நோய் உள்ளவர்களில் 67 சதவீதம் பேரைத் தவறவிட்டது. அறிகுறி தொடங்கும் நாளில் 38 சதவீதம், அதற்கு மூன்று நாள் கழித்துக்கூட 20 சதவீதம். வைரஸ் உடம்பில் பெருக நேரம் எடுக்கும், அதற்கு முன் எந்த டெஸ்டுக்கும் அது அகப்படாது. இதில் இன்னொரு சிக்கல், அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடலாம்.

அதனால் டெஸ்டை விட, கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கல்யாணம், கூட்டம், அலுவலகப் பார்ட்டி எதற்கும் போகாமல் ஒரு வாரம், பத்து நாள் அடக்கமாக இருங்கள். கிளம்பும் அன்று காலையில் வீட்டிலேயே ஆன்டிஜென் கிட்டில் ஒருமுறை பாருங்கள். அது பிசிஆர் அளவுக்கு நுணுக்கமானது இல்லை, ஆனால் வைரஸ் அதிகமாக இருந்து பரப்பக்கூடிய நிலையில் ஒருவர் இருந்தால் பெரும்பாலும் காட்டிவிடும். இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை எடுத்தால் நல்லது.

அப்புறம், யாரும் பேசாத விஷயம் ஒன்று. அங்கே போய் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? எந்த அறையில் அவரை வைப்பீர்கள், யார் பார்த்துக்கொள்வது, பக்கத்தில் ஆக்சிஜன் வசதி உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், கூடுதலாக ஒரு வாரம் தங்க நேர்ந்தால் பணம் இருக்கிறதா? இவ்வளவுக்கும் பதில் எழுதி வைத்துவிட்டு புக் செய்யுங்கள்.

நீலக்குடை:
நாங்கள் போனபோது அறைக்குள் நுழைந்ததும் கதவுப் பிடி, ரிமோட், சுவிட்ச், மேசை எல்லாவற்றையும் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தோம், பெட்டிகளையும் துடைத்தோம், தலையணை உறையை வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். இதைச் செய்யாமல் போகாதீர்கள், கொஞ்சம் வேலைதான், ஆனால் மனநிம்மதி.

காற்றாடி:
நான் கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். நீலக்குடை அக்கா, துடைப்பதில் தவறே இல்லை, ஆனால் இருக்கும் சக்தியை எல்லாம் அதில் போட்டுவிடக் கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். தொட்ட பொருள் வழியாகத் தொற்றுவது மிக அரிது, ஒருமுறை தொடுவதில் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 ஏப்ரலில் எழுதிவிட்டது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினால் அந்தக் கணக்கு முடிந்தது.

மிச்சக் கவலை எல்லாம் காற்று. பக்கத்தில் ஒருவர் புகை பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை உங்கள் மூக்குக்கு வரும் இடம் எதுவோ அங்கே வைரஸும் வரும். திறந்தவெளியில் கலைந்துவிடும், ஜன்னல் இல்லாத ஏசி அறையில் மணிக்கணக்கில் தங்கும். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. இது நிறைய பேருக்குத் தெரியாது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஜன்னல் இல்லாத ஒரு உணவகத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று வந்தது. ஏசி காற்று அந்த மூன்று மேசைக்குள்ளேயே சுழன்றுகொண்டிருந்ததாக ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள்.

அதே 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழுவின் பயிற்சி நடந்தது, இரண்டரை மணி நேரம், வந்தவர்கள் 61 பேர். உறுதியானது, சந்தேகத்துக்குரியது இரண்டையும் சேர்த்து 53 பேருக்கு நோய். உரக்கப் பாடினாலும் கத்திப் பேசினாலும் வாயிலிருந்து துகள்கள் அதிகமாக வெளியேறும். அதனால் ரிசார்ட்டின் உள் அரங்கில் நடக்கும் பாட்டு, ஆட்ட நிகழ்ச்சிகளை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம்மாடி:
விமானத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. அதுதான் எல்லாவற்றையும் விட மோசம் என்று நினைக்கிறேன். நூற்றுக்கணக்கான பேர், ஒரே குழாய்க்குள், மணிக்கணக்கில்.

காற்றாடி:
பறந்துகொண்டிருக்கும்போது விமானத்தின் காற்று பெரும்பாலான கட்டடங்களை விட நன்றாகவே இருக்கும். கேபின் காற்று மணிக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது. ஏறக்குறைய பாதி வெளிக்காற்று, மீதிப் பாதி ஹெப்பா ஃபில்டர் வழியாக வருகிறது. அந்த ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும்.

ஆனால் அதனால் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. 2020 மார்ச் 2 அன்று லண்டனிலிருந்து ஹனோய் போன நீண்ட விமானத்தில், பிஸினஸ் வகுப்பில் இருமிக்கொண்டிருந்த ஒரு பயணியைச் சுற்றி மட்டும் 12 பேருக்குத் தொற்று வந்தது. அப்போது முகக்கவசம் கட்டாயமில்லை. ஃபில்டருக்குப் போய்ச் சேருவதற்கு முன் பக்கத்து இருக்கைக்காரரைத் தாண்டித்தானே அந்தக் காற்று போக வேண்டும்.

நான் பார்த்த வரையில் கவனம் தேவைப்படுவது பறப்பதற்கு முன்னும் பின்னும்தான். செக்-இன் வரிசை, விமானத்துக்கு அழைத்துப்போகும் பஸ், ஏறி உட்கார்ந்து கதவு மூடாமல் காத்திருக்கும் நேரம் எல்லாம் இதில் அடங்கும். எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது காற்றோட்டம் குறைவாக இருக்கலாம். எல்லோரும் ஒரே சமயத்தில் மாஸ்க்கைக் கழற்றிச் சாப்பிடும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஏறுங்கள், நேரடி விமானமாகப் பாருங்கள், அப்பாவுக்கு ஜன்னல் இருக்கை கொடுங்கள், பக்கத்து இருக்கையில் வீட்டு ஆள் உட்காரட்டும், தலைக்கு மேல் இருக்கும் காற்றுத் துளையைத் திறந்தே வையுங்கள். அக்கம்பக்கத்தார் சாப்பிட்டு முடித்து மாஸ்க் போட்ட பிறகு நீங்கள் சாப்பிடலாம்.

மாஸ்க் என்றால் துணி வேண்டாம். என்95, கேஎன்95, எஃப்எஃப்பி2 இதில் ஏதாவது ஒன்று, முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி இருக்க வேண்டும். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு ஊதிப் பாருங்கள், கண் பக்கம் காற்று வந்தால் சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் ஒட்டாது.

பழையசைக்கிள்:
கையடக்க கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கலாமா, காற்றாடி? சிலர் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

காற்றாடி:
வாங்கலாம், உபயோகம்தான். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு (பிபிஎம்) என்று அது காட்டும். வெளியே 400-ஐ ஒட்டி இருக்கும். உள்ளே 800-க்குக் கீழே இருந்தால் ஓரளவு நல்ல காற்றோட்டம், 1,500 என்று ஏறினால் நாலு பேர் விட்ட மூச்சை நீங்களும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, விமானத்தில் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஹெப்பா ஃபில்டர் வைரஸைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. அதனால் எண் அதிகமாகவே காட்டும், காற்று அந்த அளவுக்கு மோசமாக இருக்காது.

சுருக்குப்பை:
பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன், இன்சூரன்ஸ் துறையில் இருந்தவன். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒரு புதிய திரிபைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது, 26-ஆம் தேதி அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள், அந்த வாரம் முடிவதற்குள் பல நாடுகள் தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் விமானங்களை நிறுத்திவிட்டன. விடுமுறைக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இரண்டு மூன்று நாளில் இப்படி மாறும் காலத்தில், மலிவாகக் கிடைக்கிறது என்று பணம் திரும்பாத டிக்கெட் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள். ரத்து செய்தால் பணமாகத் தருவார்களா, வவுச்சராகத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள், வவுச்சர் என்றால் எத்தனை மாதம் செல்லும் என்றும் கேளுங்கள்.

பயண இன்சூரன்ஸ் பாலிசியில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். முதலாவது, பெருந்தொற்று விலக்கு என்று தனியாக ஏதாவது வரி இருக்கிறதா. பல பாலிசிகள் கோவிடை ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றன. இரண்டாவது, மருத்துவச் செலவு வேறு, தனிமைப்படுத்தலில் தங்கும் செலவு வேறு. மருத்துவமனையில் சேர்த்தால் தருவேன், ஓட்டல் அறையில் ஏழு நாள் அடைபட்டால் தர மாட்டேன் என்று இருக்கும். மூன்றாவது, அப்பாவின் சர்க்கரை. ஏற்கெனவே இருக்கும் நோயை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டால் பின்னால் கிளெய்ம் நிற்காது. "பயமாக இருக்கிறது, போகவில்லை" என்று நீங்களாக ரத்து செய்வதற்குச் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பாதுகாப்பு சில நாடுகளில் விற்கிறார்கள், அதிலும் பொதுவாக 50 முதல் 75 சதவீதம்தான் திரும்பும். முதல் தவணை கட்டியதிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும்.

ஊர்சுற்றி:
இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ரிசார்ட்டும் விமானமும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. காரில் போகும் தூரத்தில், தனி வீடு ஒன்று, சமையலறையோடு வாடகைக்கு எடுக்கலாம் என்று இருக்கிறோம். இரண்டு கேள்வி. எங்கள் கார் போதாது, ஓட்டுநரோடு வாடகை வண்டி எடுத்தால் எப்படி? அந்த வீட்டுக்காரர், பல மாதங்களாக யாரும் தங்கவில்லை, அதனால் பாதுகாப்பு என்கிறார். சரிதானா?

காற்றாடி:
வீட்டு ஆட்கள் மட்டும் போகும் காரில் புதிதாக ஒரு ஆபத்தும் இல்லை, ஏற்கெனவே ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறீர்கள். ஓட்டுநர் வெளியாள் என்றால் அவரும் நீங்களும் மாஸ்க், ஏசியை ரீசர்குலேஷனில் (உள்காற்றையே சுற்றவிடும் முறையில்) போடக் கூடாது, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். எல்லா ஜன்னலும் திறந்தால் உத்தமம். முடியாதபோது இரண்டு மட்டும் திறப்பதானால், ஓட்டுநரும் நீங்களும் அவரவர் பக்கத்து ஜன்னலை விட எதிர்ப்பக்க ஜன்னலைத் திறப்பது நல்லது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் கணினியில் போட்டுப் பார்த்து அப்படித்தான் கண்டார்கள். ஓட்டுநருக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவே காற்று ஒரு திரை மாதிரி ஓடிவிடுகிறது. அவரிடம் தடுப்பூசி போட்டாரா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம், அவருக்கும் ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், அவர் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள்.

பல மாதம் பூட்டிக் கிடந்த வீடு கொரோனாவுக்குப் பாதுகாப்புதான், வேறொன்றுக்கு இல்லை. தண்ணீர்க் குழாயில் ஓடாமல் தேங்கி நின்ற தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஷவரைத் திறக்கும்போது வரும் நுண்ணிய திவலைகளை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைப்பவர்களுக்கு அதிக ஆபத்து. பொதுமுடக்கம் முடிந்து ஓட்டல்கள் திறந்தபோது இதைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கைகள் வந்தன. வீட்டுக்காரரிடம் தொட்டியைக் கழுவி, ஹீட்டரை நல்ல சூட்டில் ஓட்டி, எல்லாக் குழாயையும் நீங்கள் வருவதற்கு முன் பல நிமிடம் திறந்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் போன அன்றும் உங்களில் ஒருவர் மாஸ்க் போட்டுக்கொண்டு குளியலறை ஜன்னலைத் திறந்து, ஷவரைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடட்டும். அன்று அப்பா அந்த ஷவர் பக்கம் போக வேண்டாம்.

நீலக்குடை:
இது எனக்குப் புதுச் செய்தி. நன்றி தம்பி. பிள்ளைகள் நீச்சல் குளம் கேட்பார்களே, அதற்கு என்ன செய்வது?

இரவுப்பணி:
குளோரின் சரியாகப் போட்ட குளத்துத் தண்ணீரில் இது பரவுவதாகத் தெரியவில்லை. உடை மாற்றும் அறையும், குளத்து ஓரத்தில் கூட்டமாக நிற்பதும்தான் பிரச்சினை. வீட்டிலிருந்தே நீச்சல் உடையோடு போய், கூட்டம் இல்லாத காலை நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

மூன்றாம்மாடி:
நான் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் இந்தத் திட்டம் முதலில் இருந்ததை விட எவ்வளவோ மேல். ஒன்றை மட்டும் யோசிக்கச் சொல்கிறேன். கூட்டமில்லாத இடம் என்று நாம் தேடிப் போவதெல்லாம் பெரும்பாலும் சின்ன ஊர்கள், அங்கே மருத்துவமனையும் சின்னதாகவே இருக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் படுத்துவிட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு உரிய படுக்கை போகிறது. அந்தப் பகுதியில் தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா, மருத்துவமனையில் இடம் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தின வாரமும் முந்தின நாளும் பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் போகாதீர்கள். உங்கள் ஊரில் ஏறிக்கொண்டிருந்தாலும் போகாதீர்கள், அப்போது கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் நீங்களாக இருப்பீர்கள்.

இரவுப்பணி:
மூன்றாம்மாடி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், இதைச் சொல்ல ஆள் வேண்டும்.

மருந்துப் பெட்டி பற்றி. அப்பாவின் மாத்திரைகள் பயண நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும், சீட்டின் நகலும் இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஆன்டிஜென் கிட்டுகள், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஒரு ஆக்சிமீட்டர். இந்த நோயில் சில சமயம் மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கிவிடலாம், அதனால்தான் ஆக்சிமீட்டர். 94 சதவீதத்துக்குக் கீழே போனால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தோல் கருமையாக இருப்பவர்களுக்கு இந்தக் கருவி சில சமயம் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. எனவே எண் நன்றாக இருந்தும் ஆள் சோர்ந்துபோய், குழப்பமாகப் பேசினால் எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். வீட்டில் நல்ல நிலையில் இருக்கும்போதே அவருடைய வழக்கமான அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

கிளம்பும் முன் அப்பாவின் டாக்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். பாக்ஸ்லோவிட் மாதிரி கொரோனா வைரஸை எதிர்க்கும் மாத்திரைகள் அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டியவை. சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு அது சேராது, அப்போது எதை நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு தெரியாத ஊரில் இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தனியாக ஒரு அறை, முடிந்தால் தனிக் கழிவறை, காலியாக இருக்கிற மாதிரி வீட்டைப் பாருங்கள். யாருக்காவது தொண்டை கரகரத்தாலே அந்த அறைக்குப் போய்விட வேண்டும்.

ஊர்சுற்றி:
மூன்று படுக்கையறை உள்ள வீடாக மாற்றிக் கேட்டிருக்கிறேன், ரத்து செய்தால் பணமாகவே தருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பூஸ்டர் இந்த வாரம், பயணம் அதற்கு இரண்டு வாரம் கழித்து. ஆனால் அப்பா இப்போது, "எனக்காக இவ்வளவு பாடு வேண்டாம், நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார். அவருக்கு அதுதான் பாதுகாப்பா?

பழையசைக்கிள்:
அழைத்துப் போங்கள். தனியாக விட்டுவிட்டுப் போனால் உங்களுக்கும் நிம்மதி இருக்காது, அவருக்கும் இருக்காது.

இரவுப்பணி:
மனசுக்காக மட்டும் சொல்லவில்லை, நோய்க் கணக்குப்படியும் அது பாதுகாப்பு இல்லை. நீங்கள் போன இடத்தில் யாரிடமாவது வாங்கிக்கொண்டு வந்தால், ஊர் திரும்பி இரண்டு மூன்று நாளில்தான் பரப்பும் நிலைக்கு வருவீர்கள், அப்போது நேராக அவரிடம்தான் வந்து நிற்பீர்கள். தனியாக இருக்கும் நாட்களில் சர்க்கரை இறங்கினால் பார்க்கவும் ஆள் இல்லை. கூட வந்தால் நீங்கள் எல்லோரும் அவருக்காகவே ஒழுங்காக இருப்பீர்கள். அப்படியும் வர மாட்டேன் என்று உறுதியாக இருந்தால் அவர் விருப்பத்தை மதியுங்கள், பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், ஆனால் திரும்பி வந்ததும் ஐந்தாறு நாள் வீட்டுக்குள்ளும் மாஸ்க், தனிச் சாப்பாடு, ஜன்னல் திறப்பு, மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் டெஸ்ட்.

ஊர்சுற்றி:
இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டினேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் நாளை மாலை நேரம் வாங்கியிருக்கிறோம், கொலஸ்ட்ரால் மாத்திரை விஷயத்தைக் கேட்டு இங்கே எழுதுகிறேன்.